மாஸ்டர் பார்த்த நீலம்

வாடிக்கையாளர் ஒரு தகரத் துண்டை நீட்டி, இதே நிறத்தில் பெயிண்ட் வேண்டும் என்று கேட்டால், அதை வாங்கி வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, எந்தச் சாயம் எவ்வளவு சேர வேண்டும் என்று சொல்கிறவருக்குக் கலர் மாஸ்டர் என்று பெயர். அந்தப் பெயிண்ட் கம்பெனியில் இருபது வருடங்களுக்கு மேலாக அந்த நாற்காலியில் ஒரே ஆள்தான் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதைவிட, வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டார் என்பதுதான் சரி.

உலகத்தில் தன்னைத் தவிர மற்ற எல்லோரும் அரைக்குருடர்கள் என்பது மாஸ்டரின் தீர்மானம். முதலாளிக்குக் கறுப்பும் வெள்ளையும் தெரியும், அதுவும் வியாபாரத்தில் மட்டும். வாடிக்கையாளர்களுக்குச் சிவப்பு என்றால் சிவப்பு. அதற்குள் எத்தனை சிவப்பு இருக்கிறது என்பது ஏழு ஜென்மம் எடுத்தாலும் புரியாது. வீட்டில் மனைவி தையல் மிஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுத்தாள். துணிக்கேற்ற நூலை அவள் ஜன்னலோரம் வைத்துத் தேடும்போதெல்லாம் மாஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

"இத்தனூண்டு நூலுக்கு இத்தனை ஆராய்ச்சியா? நான் ஒரு அண்டா பெயிண்டையே ஒரு பார்வையில முடிச்சிடுவேன்" என்பார்.

மனைவி நூலைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டு மிஷினை மிதிப்பாள்.

எல்லோரையும்விட மாஸ்டர் கேவலமாக நினைத்தது தன் சகலையைத்தான். மனைவியின் தங்கையைக் கட்டியவர். வேலை வெட்டி இல்லாமல் திரிந்த அவரைத் தனக்கு உதவியாளாக மாஸ்டர்தான் கம்பெனியில் சேர்த்துவிட்டார். சேர்த்துவிட்டதை அன்றாடம் ஒருமுறையாவது சொல்லிக்காட்டவும் செய்தார். சகலைக்கு அவர் வைத்த பெயர் மண்ணாந்தை. கம்பெனி முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சகலை அதற்கும் கோபப்பட்டதில்லை. கூப்பிட்டால் ஒரு கொட்டாவியோடு வந்து நிற்பார். கூப்பிடாவிட்டால் பின்பக்கத்து மரத்தடியில் கிடப்பார். இவருக்குச் சம்பளம் கொடுப்பதும் ஒன்று, சுவருக்குச் சம்பளம் கொடுப்பதும் ஒன்று என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

கலவைக்கூடத்தில் மாஸ்டர் மதித்தது ஒரே ஒரு ஜீவனை. அது டொலுயின். பார்வைக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும். பீப்பாய் மூடியைத் திறந்தால் இனிப்பும் நெடியும் கலந்த ஒரு வாசம் மூக்கைத் துளைக்கும். கெட்டிப் பிசினைக் கரைத்து ஓடவிடுவது அதுதான். பெயிண்டை வழவழவென்று பரவவிட்டு, பூசிய பிறகு சுவடு தெரியாமல் காற்றோடு போய்விடுவதும் அதுதான். பசை, அச்சு மை, நகப்பூச்சு என்று அது கால் வைக்காத தொழில் குறைவு. ஒட்டிய எண்ணெயையும் கோந்தையும் அது தொட்ட மாத்திரத்தில் கழற்றிவிடும். மாஸ்டர் மத்தியானம் சாப்பிடப் போகுமுன் ஒரு குவளை டொலுயினில்தான் கை கழுவுவார். பெயிண்ட் எல்லாம் போய்விடும். கூடவே தோலில் உள்ள எண்ணெயும் போய்விடும். அவர் உள்ளங்கை வெடித்து, வெளுத்து, வெயிலில் காய்ந்த சேற்றுத்தரை மாதிரி இருந்தது. உழைத்த கை என்று அதை எல்லோருக்கும் விரித்துக் காட்டுவார்.

அந்தச் சரக்குக்கு வேறு குணங்களும் உண்டு. குளிர்ந்த காலையிலும் அதிலிருந்து ஆவி கிளம்பும். ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளம் கண்ட இடத்தில் தேங்கும். பீப்பாயிலிருந்து வேகமாக ஊற்றும்போது அந்த ஓட்டத்திலேயே மின்சாரம் சேரும் என்பதால், பீப்பாயைத் தரையோடு இணைக்க ஒரு செம்புக் கம்பி கொடுத்திருந்தார்கள். மாஸ்டர் அதைச் சுவரில் குறுக்காகக் கட்டித் தன் துண்டைக் காயப்போட்டிருந்தார்.

எல்லாவற்றிலும் மோசமான குணம், அது மூக்கை ஏமாற்றுவது. கூடத்துக்குள் நுழைந்ததும் நெடி தூக்கியடிக்கும். கொஞ்ச நேரம் நின்றால் வாசமே இல்லாததுபோல் ஆகிவிடும். வாசம் எங்கும் போயிருக்காது. மூக்குதான் அலுத்துப்போய்ச் சொல்வதை நிறுத்தியிருக்கும். இதை மாஸ்டர் தன் உடம்பின் வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

"புதுசா வர்றவனுக்குத்தான் வாசம். எனக்கு எங்க வருது? உடம்பு பழகிடுச்சு. பழகின உடம்பை ஒண்ணும் செய்யாது" என்பார்.

யாராவது முகமூடி கேட்டால் போதும், மாஸ்டருக்கு அன்றைய பொழுது இனிதே கழியும். "முகத்தை மூடிக்கிட்டு வேலை செய்யறது ரெண்டே பேர். ஒருத்தன் டாக்டர், இன்னொருத்தன் திருடன். நீ எதுப்பா?" கேட்டவன் கூனிக் குறுகிப் போவான். கம்பெனி ஒருமுறை ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தது. மலிவாகக் கிடைத்த வேறு ரகம். டொலுயினில் பட்டதும் உப்பிப் பிசுபிசுத்துக் கிழிந்தது. சரியான ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் மாஸ்டர் அந்தக் கிழிசலைக் குச்சியில் மாட்டிக் கூடம் முழுக்க ஊர்வலம் வந்தார்.

டின்னில் பெயிண்ட் நிரப்பும் பகுதியில் ஒரு பெண் வேலை செய்தாள். நெற்றியில் எப்போதும் வியர்வை நிற்கும் என்பதால் தலையில் ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருப்பாள். அவள் உண்டாகியிருந்த சமயம், தலை சுற்றுகிறது, வேறு பகுதிக்கு மாற்றுங்கள் என்று முதலாளியிடம் கேட்டாள். முதலாளி வழக்கம்போல மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"இந்த வாசம் பட்டா வயித்துப் பிள்ளைக்கு ஆகாதாம். நீங்க என்ன சொல்றீங்க மாஸ்டர்?"

"வாசம் பட்டா பிள்ளைக்கு ஆகாதுன்னா ஊர்ல பாதிப்பேர் பொறந்தே இருக்க மாட்டாங்க. வேலை செய்ய உடம்பு வளையலைன்னு நேரா சொல்லச் சொல்லுங்க."

கூடத்தில் நாலுபேர் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரித்தவர்கள் ஒவ்வொருவரையும் திரும்பிப் பார்த்தாள். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை.

மாஸ்டர் இப்படி வாய் திறந்த ஒவ்வொரு தடவையும் முதலாளிக்குப் பால் வார்த்த மாதிரி இருந்தது. கூடத்தில் காற்றை வெளியே இழுக்கும் பெரிய விசிறி ஒன்று கூடக் கிடையாது. விசிறி கேட்டுப் போனவர்களிடம் முதலாளி ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. "மாஸ்டரே சும்மா இருக்காரு, உனக்கு என்ன?" என்று கேட்டால் முடிந்தது. தன்னை முதலாளி மதிக்கிறார் என்று மாஸ்டர் நினைத்தார். விசிறியைவிட மலிவான ஆளை யார்தான் மதிக்க மாட்டார்கள்?

இதற்கிடையில் வீட்டில் சில விஷயங்கள் நடந்தன. மாஸ்டர் அவற்றைக் கவனிக்கவில்லை, கவனித்தாலும் மற்றவர்கள் தலையில் போட்டார். டிவி சத்தம் தெருமுனை வரை கேட்டது; எல்லோரும் இப்போது முணுமுணுத்துப் பேசப் பழகிவிட்டார்கள் என்றார். சாவியை எங்கே வைத்தோம் என்பது மறந்தது; இந்த வீட்டில் வைத்தது வைத்த இடத்தில் இருப்பதில்லை என்றார். மாலையில் தலைவலி மண்டையைப் பிளக்கும். மனைவி பேச்சுத்தான் காரணம் என்றார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைவலி இல்லாததையும், அன்றைக்கு அவள் அதிகம் பேசியதையும் அவர் சேர்த்து யோசிக்கவில்லை.

அப்படியிருக்கும்போது சகலைக்குக் குடலிறக்கம் வந்து ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று.

"லீவு வேணும்னா கேட்டு வாங்க வேண்டியதுதானே? அதுக்கு வயித்தையா கிழிச்சுக்கறது?" என்று மாஸ்டர் மருத்துவமனைக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

சகலை படுத்தபடியே, "அண்ணே, நான் வர்ற வரைக்கும் பெரிய ஆர்டர் எதையும் அனுப்பாதீங்க. இருக்கட்டும், வந்து பாத்துக்கலாம்" என்றார்.

மாஸ்டர் வீடு வந்து சேரும்வரை சிரித்தார். மண்ணாந்தை வந்து பார்த்துக்கொள்வாராம்!

அந்தச் சமயம் பார்த்து ஒரு சைக்கிள் கம்பெனியிலிருந்து நீல பெயிண்ட் கேட்டு ஆர்டர் வந்தது. பல வருடங்களாக வாங்கும் அதே நீலம். மாஸ்டர் தன் கையாலேயே கலந்தார். மாதிரித் தகட்டுக்குப் பக்கத்தில் புதுத் தகட்டை வைத்துப் பார்த்தார். தண்ணீரும் தண்ணீரும் போல ஒன்றாக இருந்தது. சீல் வைத்து அனுப்பினார். உதவியாள் இல்லாமலேயே வேலை இரண்டு மடங்கு வேகமாக நடக்கிறது என்று முதலாளியிடமும் சொல்லிக்கொண்டார்.

சில நாள் கழித்து சைக்கிள் கம்பெனி மேலாளர் ஒரு வேனில் வந்து இறங்கினார். கூடவே இரண்டு சைக்கிள் சட்டங்கள். இரண்டையும் முதலாளி அறைக்கு முன்னால் சுவரில் சாய்த்து வைத்தார்.

"இது போன மாசம். இது இந்த மாசம். எந்தக் கடைக்காரன் இதை ஒண்ணா வச்சு விப்பான்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

முதலாளி பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று. கணக்கர் எட்டிப் பார்த்து "ஐயையோ" என்றார். வாசல் காவலாளி கூட வந்து நின்று பார்த்துவிட்டு, கேட்காமலேயே, "அது நீலம், இது பாசி பிடிச்ச மாதிரியில்ல இருக்கு" என்றார்.

மாஸ்டர் பார்த்தார். இரண்டும் நீலம். ஒரே நீலம். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. எல்லோரும் சொல்லி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். இரண்டு சட்டங்களையும் தோளில் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய் நல்ல வெயிலில் வைத்தார். குனிந்து பார்த்தார், எட்டி நின்று பார்த்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"உங்க எல்லாருக்கும் கண்ணுல கோளாறு" என்று அங்கிருந்தே கத்தினார்.

சைக்கிள் மேலாளர் முதலாளியை மட்டும் பார்த்து, மிக மரியாதையாக, "இவருதான் உங்க கலர் மாஸ்டரா?" என்று கேட்டார். அந்த மரியாதை மாஸ்டருக்குச் செருப்படியாக விழுந்தது. இரண்டு சட்டங்களையும் இடம் மாற்றி வைத்து யாராவது கேட்டால், எது பழையது எது புதியது என்று தன்னால் சொல்ல முடியாது என்பது அவருக்கு அந்த நிமிடம் புரிந்தது. புரிந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டு, மேலாளரின் பரம்பரையையே மனதுக்குள் திட்டினார்.

கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று முதலாளி அவரைக் கண் டாக்டரிடம் அனுப்பினார். மனைவியும் கூடப் போனாள். டாக்டர் ஒரு பெண்மணி. விளக்கு அடித்துப் பார்த்து, எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். கடைசி வரி வரை மாஸ்டர் கடகடவென்று வாசித்தார்.

"பாத்தியா?" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். பொத்தான் அளவில் வட்ட வட்டமாக வண்ண வில்லைகள். ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறும்படி வரிசையாக அடுக்கச் சொன்னார்.

"பாப்பா விளையாட்டு" என்றார் மாஸ்டர். சீட்டு போடுகிற வேகத்தில் அடுக்கி முடித்து, கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

டாக்டர் வில்லைகளைத் திருப்பினார். அடியில் எண்கள் இருந்தன. வரிசை கன்னாபின்னாவென்று முன்னும் பின்னும் குதித்தது.

"பெட்டி தப்பு. நம்பரைத் தப்பா ஒட்டியிருக்காங்க" என்றார் மாஸ்டர். "வேணும்னா இவகிட்ட குடுத்துப் பாருங்க. இவளும் இதேபோலத்தான் அடுக்குவா."

மனைவி மடியில் இருந்த பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. ஒரு கையால் பையைப் பிடித்தபடி மறு கையால் வில்லைகளை நகர்த்தினாள். நடுவில் ஒருமுறை, மருந்துக்கடை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டாள். டாக்டர் திருப்பியபோது எண்கள் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

டாக்டர் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டார். டொலுயின் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு நாளா?"

"இருபது வருஷத்துக்கு மேல. எனக்கு ஒண்ணும் பண்ணாது. பழகின உடம்பு."

"உங்க பெயிண்ட் கம்பெனியில அது என்ன வேலை செய்யுது?"

"பிசினைக் கரைக்கும். எண்ணெய், கொழுப்பு எதுவா இருந்தாலும் கரைக்கும்."

"உங்க மூளையிலயும் நரம்புலயும் கொழுப்பு நிறைய. மூச்சு வழியா ரத்தத்துல கலந்தா அது நேரா அங்கதான் போகும். இது கண்ணாடி போட்டுச் சரிபண்ற விஷயம் இல்ல. கண்ணுலேர்ந்து மூளைக்குப் போற நரம்பும், அதுக்குப் பின்னால இருக்கறதும். நீலத்துல மஞ்சள் ஏறினா உங்களுக்குத் தெரியறதில்ல. தலைவலி, மறதி, காது மந்தம், கோபம் எல்லாம் உண்டா?"

"உண்டு" என்றாள் மனைவி.

"இல்லை" என்றார் மாஸ்டர், அதே நொடியில்.

வாசத்தைவிட்டு விலகினால் கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், விலகாவிட்டால் இன்னும் போகும் என்று டாக்டர் சொன்னார்.

வெளியே வந்ததும் மாஸ்டர் நடைபாதையில் நின்று டாக்டருக்கு மருத்துவம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பெண் டாக்டர், படித்தது போதாது, பயமுறுத்திக் காசு பிடுங்குகிற கூட்டம் என்று அடுக்கிக்கொண்டே போனார். மனைவி கொஞ்ச நேரம் கேட்டாள்.

"நீங்க போட்டிருக்கற சட்டை என்ன கலர்?" என்று கேட்டாள்.

"நீலம்."

"பச்சை. நாலு வருஷமா அதை நீலச் சட்டைன்னு சொல்றீங்க. எடுத்துக் குடுன்னு கேப்பீங்க, நானும் எடுத்துக் குடுப்பேன்."

"ஏன் சொல்லலை?"

"முதல் தடவை சொன்னேன். உனக்குக் கண்ணு இருக்கான்னு தெரு கேக்கற மாதிரி கத்துனீங்க. சரிதான், எனக்கென்ன, பச்சை நீலமாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மாஸ்டருக்குச் சமாளிக்கத் தெரியும். அடம்பிடிக்கும் குழந்தைக்கு விட்டுக்கொடுத்துக் களைத்துப்போனவள் மாதிரி அவள் பேசினாள். நாலு வருடமாகத் தன்னை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது.

அங்கிருந்து அவர் நேராகச் சகலை வீட்டுக்குப் போனார். கம்பெனி பெயிண்ட் நாலு வருடமாக எப்படிச் சரியாகப் போனது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். சகலை கட்டிலில் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"பெரிய ஆர்டர் அனுப்பாதீங்கன்னு ஏன் சொன்னே?"

"சைக்கிள் திரும்பி வந்துடுச்சா?" என்றார் சகலை. ஆச்சரியப்படக்கூட இல்லை. "நான்தான் சொன்னேனே அண்ணே. நீங்க சாயந்திரம் கிளம்பினதும் நான் போய்ப் பாப்பேன். நீலம்னா ஒரு கரண்டி நீலம் சேப்பேன். வெள்ளையில மஞ்சள் ஏறியிருந்தா சரிபண்ணுவேன். பெரிய வேலை ஒண்ணும் இல்ல."

"எத்தனை நாளா?"

"ஞாபகம் இல்ல. என் பையன் பள்ளிக்கூடம் சேர்ந்ததுலேர்ந்து இருக்கும்."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

சகலை டீ டம்ளரைத் தரையில் வைத்தார். முதல் தடவையாகக் கொட்டாவி இல்லாமல் மாஸ்டரைப் பார்த்தார்.

"உங்ககிட்ட பேசறதவிட ஒரு கரண்டி நீலம் ஊத்தறது சுலபம் அண்ணே. சொன்னா என்ன பண்ணுவீங்க? மண்ணாந்தைக்குக் கலர் தெரியுமான்னு பத்துப்பேர் முன்னால கேப்பீங்க. உங்களை நம்பி எனக்கு ஒரு வேலை இருக்கு, அது இருக்கட்டும்னு பாத்தேன். நான் ஒண்ணும் உங்களுக்காகச் செய்யலை."

மரத்தடியில் படுத்துக் கிடந்த சோம்பேறித்தனம் சகலையின் கண்ணைக் காப்பாற்றியிருந்தது. கூடத்துக்குள் அவர் நின்ற நேரம் அவ்வளவு குறைவு. இந்த நியாயத்தை மாஸ்டரால் தாங்க முடியவில்லை. ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று வாயைத் திறந்தார். கொழுந்தியாள் உள்ளேயிருந்து, "அத்தான், டீ போடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

இரண்டு நாள் படுக்கையைவிட்டு எழவில்லை. மூன்றாம் நாள் முதலாளி கார் அனுப்பினார். மாஸ்டருக்கு உடனே உயிர் வந்தது. நான் இல்லாமல் கம்பெனி ஓடவில்லை என்று மனைவியிடம் சொன்னார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ம்ம் என்றாள்.

விஷயம் வேறு. வேலையைவிட்டுப் போன அந்த டின் பகுதிப் பெண், கலவைக்கூடத்தைப் பற்றித் தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு கொடுத்திருந்தாள். ஆய்வாளர் மறுநாள் வரப்போகிறார்.

"நீங்க வழக்கமா பேசறதைப் பேசினா போதும் மாஸ்டர்" என்றார் முதலாளி. "இருபது வருஷமா அதுலதான் நிக்கறேன், ஒண்ணும் ஆகலைன்னு சொல்லுங்க. உங்க வாயால சொன்னா அந்த ஆள் மறுபேச்சு பேச மாட்டான்."

"சைக்கிள் விஷயம்?"

"அதை விடுங்க. நிறம் பாக்க ஒரு மிஷின் வாங்கறேன். மண்ணாந்தையை அதுல உக்கார வச்சிடலாம். உங்களுக்கும் ஏதாவது வழி பண்றேன். வாசல்ல ஒரு நாற்காலி போட்டுடலாம், லாரிக்குச் சீட்டு குடுக்க."

ஒரு விசிறி வாங்க முடியாத முதலாளியால் ஒரு மிஷின் வாங்க முடிந்தது. மாஸ்டர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வரேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கூடம் பெருக்கித் துடைத்து மணந்தது. கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருந்தன. கம்பி பீப்பாயில் மாட்டியிருந்தது, துண்டைக் காணவில்லை. ஆய்வாளர் வந்தார். கூடவே அந்தப் பெண்ணும் இடுப்பில் குழந்தையோடு வாசலில் நின்றாள். உள்ளே வர மறுத்துவிட்டாள். குழந்தை கொழுகொழுவென்று அவள் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நல்லவேளையாக அவள் அன்றைக்கு மாஸ்டர் பேச்சைக் கேட்டு வேலையில் நீடிக்கவில்லை.

முதலாளி மாஸ்டரை முன்னால் தள்ளினார். "இவருதான் எங்க மாஸ்டர். எல்லாரையும்விட அதிக நாள் இங்க நிக்கறவர். இவரையே கேளுங்க."

"சொல்லுங்க. உங்களுக்கு ஏதாவது பாதிப்பு உண்டா?" என்றார் ஆய்வாளர்.

மாஸ்டர் சுற்றிப் பார்த்தார். அவர் நையாண்டிக்குச் சிரித்துப் பழகிய முகங்கள் சிரிக்கத் தயாராக நின்றன. முதலாளி ஏற்கெனவே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பேசாத வார்த்தைக்கு முன்கூட்டியே தலையாட்டும் அந்த ஆட்டத்தைப் பார்த்ததும் மாஸ்டருக்குள் ஏதோ கொதித்தது. இந்த ஆளுக்கா இத்தனை வருடம் கத்தினோம்? வாசல் நாற்காலிக்கா?

"எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொல்லச் சொல்லித்தான் கார் வச்சுக் கூட்டிட்டு வந்திருக்காரு" என்றார். "நான் யாரு தெரியுமா? கலர் மாஸ்டர். நீங்க என்ன கலர் சட்டை போட்டிருக்கீங்கன்னு எனக்குத் தெரியலை. நீலம்னு தோணுது. பச்சையா இருந்தாலும் இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை.

"இந்தக் கூடத்துல காத்து போக வழி கிடையாது. இன்னிக்குத் தொறந்திருக்கற ஜன்னலை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். ஜன்னல் இருக்கறதே எனக்குத் தெரியாது. முகமூடி கேட்டவனை எல்லாம் நான்தான் கேலி பண்ணினேன். இவரு ஒரு விசிறி வாங்காம இருந்ததுக்கு நான்தான் காரணம். அந்தப் பொண்ணு தலை சுத்துதுன்னப்ப, உடம்பு வளையலைன்னு சொன்னதும் நான்தான். நிக்குதே இந்தக் கூட்டம், எல்லாம் அதுக்குச் சிரிச்ச கூட்டம். இவனுங்க மூளையையும் கொஞ்சம் சோதிச்சுப் பாருங்க. என்னைவிட மோசமா இருக்கும்."

உண்மை சொல்லும்போதுகூட அவருக்கு மனிதர்களைக் கழுவி ஊற்றாமல் இருக்க முடியவில்லை. முதலாளியின் முகம் எந்த நிறத்துக்குப் போயிற்று என்று கூடத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். மாஸ்டருக்கு அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

வெளியே போகும்போது அந்தப் பெண்ணின் முன்னால் ஒரு நிமிடம் நின்றார். மன்னிப்பு மாதிரி ஏதோ ஒன்று தொண்டைவரை வந்தது. பழக்கமில்லாத சாமான், அங்கேயே சிக்கிக்கொண்டது.

"பிள்ளை நல்லா இருக்கா?" என்றார்.

"நல்லா இருக்கு" என்றாள் அவள். "உங்களைக் கேட்டுப் பெத்துக்கலை." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நின்றாள்.

கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. விசிறிகள் பொருத்தி, சரியான கையுறையும் கரி வடிகட்டி உள்ள முகமூடியும் வாங்கி, எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை நடத்திய பிறகுதான் திறந்தார்கள். பரிசோதனையில் நாலைந்து பேர் உடம்பில் டொலுயின் அளவு மீறியிருந்தது. மாஸ்டரின் பேச்சால்தான் இதெல்லாம் நடந்தது என்று ஒருவரும் அவரைத் தேடி வந்து நன்றி சொல்லவில்லை. பூட்டியிருந்த நாள்களுக்குச் சம்பளம் போனது இவரால்தான் என்று திட்டினார்கள். முதலாளி அவரை ஆய்வாளர் வந்த அன்றைக்கே வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். சகலை மிஷின் முன்னால் உட்கார்ந்தார். மிஷின் சொல்வதை ஒருமுறை பார்ப்பார், பிறகு தன் கண்ணால் பார்ப்பார், பிறகு மரத்தடிக்குப் போவார்.

மாஸ்டருக்குத் தலைவலி நின்றது. அதை ஒப்புக்கொள்ள அவருக்கு வெகுநாள் பிடித்தது. ஒரு வருடம் கழித்து டாக்டரிடம் போய் மறுபடியும் வில்லைகளை அடுக்கினார். குதித்த எண்கள் கொஞ்சம் குறைந்திருந்தன; நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் மட்டும் வரிசை பழையபடி தடுமாறியது. இதற்குமேல் வராது என்று டாக்டர் சொன்னார். இந்த முறை மாஸ்டர் பெட்டியைக் குறை சொல்லவில்லை. மேஜை கொஞ்சம் ஆடுகிறது என்று மட்டும் சொன்னார்.

இப்போது அவர் ஒரு சிமெண்ட் கிடங்கில் இருக்கிறார். மூட்டைகளை எண்ணி ஏற்றிவிடும் வேலை. மூட்டை, தரை, சுவர், ஆள்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அங்கே யாரும் அவரிடம் எதையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வதில்லை. அந்த வேலையை அவர் மனதார வெறுக்கிறார். சிமெண்ட் தொழிலில் புத்தியுள்ளவன் ஒருத்தன் கூடக் கிடையாது என்று தினமும் சாயங்காலம் வந்து மனைவியிடம் சொல்கிறார்.

போன வாரம் அவள் ஒரு சட்டையை அவர் மடியில் போட்டாள். காலர் கிழிந்திருந்ததைத் தைத்திருந்தாள்.

"என்ன நூல் போட்டிருக்கே?" என்று கேட்டார் மாஸ்டர். கேலிக்குக் கேட்கவில்லை; தெரியாமல் கேட்டார்.

"பச்சை. கொஞ்சம் கருத்த பச்சை. துணிக்குச் சரியா இருக்கு."

அவர் காலரை விரலால் தடவிப் பார்த்தார். தையல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"பரவாயில்லை" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த துணியை எடுத்தாள்.